பொடிசுக்குப் போடாத டிக்கெட்

ஒரு இஸ்திரிப்பெட்டியால் ஒரு வீடு இரண்டாகுமா என்று கேட்டால், தாராளமாக ஆகும். மூன்று வாரமாக அந்தக் கூத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. ரசீதம்மாவுக்கு மின்சாதனக் கடையில் வேலை. விற்கிற பக்கம் அல்ல. வாங்கிப்போன மிக்ஸியும் மின்விசிறியும் பழுதாகித் திரும்பி வருகிற கவுண்டர். வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் அவள் வாயிலிருந்து விழும் முதல் கேள்வி, "ரசீது இருக்கா?" கடையில் அதையே பெயராக்கிவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அந்த வரிசையில் அவளுடைய சொந்த நாத்தனாரே வந்து நின்றாள், சூடேறாத இஸ்திரிப்பெட்டியோடு. அவளிடமும் அதே கேள்வி. ரசீதைச் சீருடைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டாளாம். "விதின்னா எல்லாருக்கும் விதிதாம்மா" என்று ரசீதம்மா பெட்டியைத் திருப்பித் தள்ளினாள், வரிசையில் இருபது பேர் வேடிக்கை பார்க்க.

அன்று சாயங்காலமே நாத்தனார் துணிமணியை அள்ளிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். மாதம் பிறந்தால் தனி வீடே பார்த்துவிடுவாள் என்று காதில் விழுந்தது.

இந்த நாத்தனாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பஸ் கண்டக்டர். பதினோரு வருஷ சர்வீஸ். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "கைக்குழந்தைங்க, ரெண்டு வயசு" என்று சாதிக்கும் தாய்மார்களைப் பார்வையாலேயே இறக்கி நிறுத்தி அரை டிக்கெட் கிழிப்பவள்.

அந்தக் கண்டக்டர்தான் வியாழக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தாள். "ஞாயிற்றுக்கிழமை ராட்டினப் பூங்காவுக்குப் போகலாம்ணா. டிக்கெட் நான் எடுக்கறேன். அண்ணியையும் பொடிசையும் கூட்டிட்டு வா."

அண்ணன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ரசீதம்மாவின் கணவர். கடைக்காரன் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வருகிற சாது. போனை வைத்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அண்ணியையும்னு சொன்னா. கவனிச்சியா?"

ரசீதம்மா கவனித்தாள். மூன்றரை வயது மகள் பொடிசுக்கு அத்தை என்றால் உயிர். தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், மூன்று வாரமாக ஜன்னலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டிருக்கிறது அந்தக் குழந்தை. அதைப் பார்க்கத்தான் ரசீதம்மாவுக்குத் தெம்பில்லை. தனி வீடு பார்ப்பதற்குள் நாத்தனாரைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லைதான். ஆனால் ஒரு முழு நாள் கையில் இருக்கிறதே, எப்படியாவது பேசிவிடலாம் என்று துணிந்து கிளம்பினாள்.

பூங்கா வாசலில் கண்டக்டர் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். பொடிசு ஒரே பாய்ச்சலில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "வாங்க அண்ணி" என்றாள் கண்டக்டர். அவ்வளவுதான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

எடுத்து வைத்திருந்த காகிதக் கைப்பட்டைகளை மூன்று பேரும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு விளையாட்டில் ஏறும்போதும் அதில் ஒரு ஓட்டை போடுவார்களாம்.

"குழந்தைக்குப் பட்டை?" என்று வாசல் காவலர் கையை நீட்டினார். "தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேலன்னா டிக்கெட் உண்டு. அந்தக் கம்பத்துக்கிட்ட நிறுத்துங்க."

பொடிசு கழுத்தை விடுவதாக இல்லை. பின்னால் வரிசை நெளிந்தது.

"எண்பத்தெட்டு" என்றாள் கண்டக்டர். "கம்பமெல்லாம் வேண்டாங்க. தினம் நூறு குழந்தையை அளக்கற கண்ணு இது."

அந்தக் குரலுக்குக் கட்டுப்படாத ஆண்பிள்ளை உண்டா? காவலர் ஒதுங்கி வழிவிட்டார்.

அந்தக் கண் பொய் சொல்லவில்லை, பழக்கதோஷம். பஸ்ஸில் அவள் மேலே நிற்பாள், குழந்தைகள் கீழ்ப்படியிலிருந்து ஏறும். பதினோரு வருஷம் நிற்கிற குழந்தையை மேலிருந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு, இடுப்பில் சுருண்டிருக்கிற குழந்தை நாலு விரல் குட்டையாகத்தான் தெரியும்.

பொடிசின் உயரம் தொண்ணூற்றாறு. போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் அளந்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ரசீதம்மாவுக்கு அது மனப்பாடம். சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். விதி என்றால் விதி என்று ஊரையே மிரட்டுகிறவள், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விதியைக் கண்டும் காணாமல் விட்டாள்.

உள்ளே நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குட்டி ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போது பொடிசு, "அத்தை, எனக்குக் குளுருது" என்றது. நல்ல வெயில். கண்டக்டர் நெற்றியைத் தொட்டாள், கை சுட்டது. அடுத்த நிமிஷம் அவள் தோள் முழுக்க வாந்தி.

மற்றவர்களாக இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். கண்டக்டர் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினாள்.

அங்கிருந்த நர்ஸ் பதற்றமே இல்லாமல் வேலையைப் பார்த்தார். காய்ச்சல் நூற்றிரண்டு. மருந்தின் அளவு முடிவு செய்ய எடை, உயரம் எல்லாம் பார்த்து ஒரு சீட்டில் எழுதினார். மருந்து ஊற்றினார். "பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா வெயில்ல வச்சிருக்காதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நாளைக்கும் குறையலைன்னா டாக்டரைப் பாருங்க."

கண்ணாடிக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, கிளம்பலாம். டிக்கெட் போனா போகட்டும்."

"ஏன் போகணும்?" என்றாள் ரசீதம்மா.

அலுவலகச் சுவரில் அறிவிப்புப் பலகை இருந்ததை அவள் வரும்போதே படித்திருந்தாள். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் படிப்பாள். டிக்கெட் வாங்கிய குழந்தைக்கு உள்ளே உடம்பு கெட்டுவிட்டால், நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து கேட்டால், கூட வந்தவர்களின் பயன்படுத்தாத டிக்கெட்டுக்கும் சேர்த்துப் பணம் திரும்பக் கிடைக்கும்.

"வேண்டாம் அண்ணி" என்றாள் கண்டக்டர் அவசரமாக. "என் காசுதானே? போகட்டும்."

அந்த 'என் காசு' ரசீதம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "உன் காசுங்கறதாலதான் கேட்கப் போறேன். ஏங்க, உங்க பட்டையைக் குடுத்துட்டு நீங்க வாசல்ல நிழல்ல உட்காருங்க. டாக்ஸிக்குப் பாருங்க. நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."

டிக்கெட் வாங்கிய குழந்தை என்று போட்டிருக்கிறதே, பொடிசுக்குத்தான் டிக்கெட் இல்லையே? அது தெரியாதவளா அவள்? போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். உயரம் தெரிந்தும் பேசாமல் இருந்தது நான்தான் என்று கவுண்டரில் சொல்லிவிட வேண்டியது. வருவது வரட்டும். இன்றைக்கு இந்தப் பெண்ணின் கையில் இவள் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை.

கவுண்டரில் ரசீதம்மா வயதில் ஒரு பெண்மணி. மேஜையில் முழங்கை. நிமிராத தலை. தன்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது ரசீதம்மாவுக்கு.

கத்துகிறவர்களிடம் தன் மனசு இறுகிவிடும், அழுகிறவர்களிடம் அலுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டும் செய்யவில்லை.

"பதினொண்ணு பத்துக்கு உள்ள வந்தோம். பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. இது நர்ஸ் குடுத்த சீட்டு. இது மூணு பேரோட பட்டை, ஒரு ஓட்டைகூட விழலை. இப்ப மணி பன்னிரண்டு அடிக்க மூணு நிமிஷம். டிக்கெட் பணம் திரும்ப வேணும்."

பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். "ரசீது இருக்கா?"

பின்னால் கண்டக்டர் இருமினாள். அது இருமல் இல்லை என்று ரசீதம்மாவுக்குத் தெரியாதா என்ன?

ரசீது கண்டக்டரின் கைப்பையில் இருந்தது. அவள் அதை எடுக்கவே நேரம் பிடித்தது. எடுத்தும் அண்ணியின் கையில் கொடுக்காமல், மடித்தபடியே கவுண்டருக்குள் நீட்டினாள்.

பெண்மணி பிரித்துப் படித்தார். "பெரியவங்க நாலு, குழந்தை ஒண்ணு. சீட்டுல குழந்தை உயரம் தொண்ணூத்தாறு. சரியாத்தான் இருக்கு. நாலாவது பட்டை எங்க?"

ரசீதம்மா திருதிருவென்று விழித்தாள். நாலு பெரியவர்களா? இருந்தது மூன்று பேர். குழந்தை ஒன்றா? அப்படியானால் பொடிசுக்கு டிக்கெட் எடுத்துத்தான் வைத்திருந்தாளா? பிறகு எதற்கு வாசலில் அந்த எண்பத்தெட்டு?

"நாலாவது பட்டை இல்லைன்னா மூணுக்கும் குழந்தைக்கும் போடறேன்" என்று பெண்மணி முத்திரையைக் கையில் எடுத்தார்.

நல்லதாகப் போயிற்று, எதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டாம் என்று ரசீதம்மாவுக்கு மூச்சு வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் கண்டக்டர். "அந்தக் குழந்தை டிக்கெட் எங்க பொடிசுக்குப் போட்டது இல்லை."

முத்திரை நடுவழியில் நின்றது. "பின்ன யாருக்கு?"

"அது வேற குழந்தைக்கு. அவ உள்ளதான் இருக்கா. எங்க குழந்தைக்கு நான் டிக்கெட்டே போடலைங்க. தொண்ணூறுக்குக் கீழன்னு வாசல்ல சொன்னேன். கண்ணால பார்த்துத் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் முகம் காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கடையில் அன்று நின்ற அதே நிற்பு.

"அவ தப்பு இல்லைங்க, என் தப்பு" என்றாள் ரசீதம்மா. "எனக்குத் தொண்ணூத்தாறுன்னு தெரியும். போன மாசம் பள்ளிக்கூடத்துல அளந்தாங்க. தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

கண்டக்டர் திரும்பினாள். "தெரிஞ்சேவா? ஊருக்கே விதி பேசுவீங்க. என்னை வாசல்ல அப்படி உளற விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"வேடிக்கை பார்க்கலை." ரசீதம்மாவுக்குக் கவுண்டர் மறந்துபோயிற்று. வரிசையும் மறந்துபோயிற்று. "மூணு வாரம் கழிச்சு பொடிசைத் தூக்கி வச்சிருந்த. மறுபடியும் எல்லார் முன்னாடியும், நீ சொல்றது தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஒரு தடவை சொன்னதுக்கே வீட்டுல ஒருத்தரும் நிம்மதியா இல்லை. அன்னிக்கு விதி சரிதான். ஆனா உன்னை உள்ள கூப்பிட்டுத் தனியாச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அது என் தப்பு. எனக்கு அது வலிக்குதும்மா."

கண்டக்டர் தோளில் காய்ந்துகொண்டிருந்த வாந்திக் கறையைக் கைக்குட்டையால் தேய்த்தாள்.

"குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்கங்க" என்றார் பெண்மணி. ஆனால் குரலில் முன்பிருந்த விறைப்பு இல்லை. "டிக்கெட் இல்லாத குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ரசீதம்மாவுக்கு அது தெரிந்த சுவர். அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே சுவரை எத்தனை பேருக்கு எழுப்பியிருக்கிறாள். அதில் கதவு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தது கண்டக்டர்.

"எங்க வண்டியில டிக்கெட் இல்லாம ஒருத்தர் இருந்தா, இறக்கி விட மாட்டோங்க" என்றாள், நிதானமாக. பஸ் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. "ஏறின இடத்துலேர்ந்து டிக்கெட் போடுவோம். போட்டாச்சுன்னா அவரும் மத்தவங்க மாதிரிப் பயணிதான்."

ரசீதம்மா டக்கென்று பிடித்துக்கொண்டாள். "அதேதான்! பதினொண்ணு பத்துலேர்ந்து குழந்தை டிக்கெட் ஒண்ணு இப்பப் போடுங்க. பணம் இந்தாங்க. போட்டாச்சா, இப்ப இவ டிக்கெட் வாங்கின குழந்தை. மணி பன்னிரண்டு அஞ்சு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகலை. இவளோட டிக்கெட்டைத் திருப்பித் தர வேண்டாம், எங்க தப்புக்கு அது போகட்டும். பெரியவங்க மூணு பேருக்கு மட்டும் குடுங்க, போதும்."

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"இதே மாதிரி ஒரு கவுண்டர்லதான்."

"உங்ககிட்ட யாராவது வந்து இப்படிக் கேட்டா குடுப்பீங்களா?"

ரசீதம்மா பொய் சொல்லவில்லை. "போன மாசம் வரைக்கும் குடுத்திருக்க மாட்டேன். இனிமே குடுப்பேன்."

பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை டிக்கெட் ஒன்றைக் கிழித்தார். அடுத்து முத்திரை விழுந்தது. பணத்தை ரசீதம்மாவிடம் நீட்டினார்.

"அவங்ககிட்ட குடுங்க. அவங்க பணம்" என்றாள் ரசீதம்மா.

வெளியே வந்து பத்தடி நடந்ததும் கண்டக்டர் நின்றாள்.

"நாலாவது யாருக்குன்னு கேட்க மாட்டீங்களா அண்ணி?"

"வேற ஒண்ணு கேட்கறேன். நீ பேசாம இருந்திருந்தா முத்திரை விழுந்திருக்கும். பணமும் வந்திருக்கும், உன் விஷயமும் வெளிய வந்திருக்காது. எதுக்குடி வாயைத் திறந்த?"

"அடுத்த குழந்தையோட டிக்கெட்டுல நம்ம பொடிசு எதுக்குப் போகணும்?"

நம்ம பொடிசு. ரசீதம்மா நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள், கறையைப் பற்றிக் கவலைப்படாமல்.

அப்புறம் கண்டக்டர் சொன்னாள். நாலாவது டிக்கெட் அவள் வண்டியின் டிரைவருக்கு. மனைவி தவறி நாலு வருஷம் ஆகிறது. எட்டு வயதில் ஒரு பெண், அந்தக் குழந்தை டிக்கெட் அவளுக்கு. இரண்டு பேரும் காலையிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துக் கல்யாண விஷயத்தைச் சொல்வதாகத் திட்டம்.

"முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"என்கிட்டயா? மூணு வாரமா மூஞ்சிலயே முழிக்கலை நீ!"

"விடுதியில உட்கார்ந்து தினம் உங்களைத் திட்டிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் கண்டக்டர், கொஞ்சமும் கூச்சப்படாமல். "ஆனா உங்களுக்குச் சொந்தக்காரங்க, வேத்தாள்னு கிடையாது. எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். அவரையும் அப்படித்தான் பார்ப்பீங்க. அண்ணன் அப்படிப் பார்ப்பானா?"

மாட்டார். அதுதான் சிக்கல். கண்ணாடிக்காரர் மற்ற எல்லாவற்றிலும் சாது. தங்கையின் கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். எட்டு வருஷமாக வந்த ஒவ்வொரு மாப்பிள்ளையையும், லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தட்டிக் கழித்தவர். ஏற்கெனவே கல்யாணமான ஆள், கையில் ஒரு பெண் குழந்தை என்று கேட்டால் என்ன சொல்வார் என்று ரசீதம்மா யோசித்தாள். ஆனாலும் இரண்டே நொடிதான்.

"நான் பார்த்துக்கறேன்" என்றாள். "நீ முதல்ல வீட்டுக்கு வா. பொடிசுக்குக் காய்ச்சல் விடற வரைக்கும் பக்கத்துல இரு. அதுக்குள்ள நல்ல நேரமாப் பார்த்து உங்க அண்ணன் காதுல போடறேன்."

"சரி அண்ணி."

சொல்லிவிட்டார்கள் இரண்டு பேரும், நேரம் பார்த்துப் போடலாம் என்று. நேரம் இவர்களுக்காகக் காத்திருந்தால்தானே?

வாசல் மரத்தடி பெஞ்சில் கண்ணாடிக்காரர் இருந்தார். பொடிசு அவர் மடியில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயரமான ஒருவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் ஈரத்துணியோடு. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி தன் தொப்பியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"வந்துட்டீங்களா?" கண்ணாடிக்காரர் உற்சாகமாக எழுந்தார். "நல்ல மனுஷன் இவர். நான் தவிக்கறதைப் பார்த்துட்டு அவரா வந்தார். துணி நனைச்சுப் போட்டார், டாக்ஸிக்கும் அவரே சொல்லிட்டார். நம்ம பொடிசு வேத்தாள்கிட்ட போகுமா? இவர்கிட்ட அழவே இல்லை!"

உயரமானவர் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

பெரியவர்களின் ஜாடையெல்லாம் எட்டு வயதுக்கு எட்டுமா? சிறுமி தொப்பியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கண்டக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். "எவ்வளவு நேரம்! பாப்பாவுக்கு இன்னும் சுடுது. வந்து தொட்டுப் பாருங்க. நாங்களும் உங்க கூடவே வந்துடறோம்னு அப்பா சொன்னாங்க."

கண்ணாடிக்காரர் சிறுமியைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கை அவள் விரல்களை எவ்வளவு பழக்கமாகக் கோத்துக்கொண்டது என்பதையும் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"உனக்கு இவங்களைத் தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டார்.

ரசீதம்மா குறுக்கே பேச வாயெடுத்தாள். அதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டாள்.

"தெரியும்ணா. உனக்குத் தெரியப்படுத்தத்தான் இன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டேன்."

டாக்ஸி வந்து நின்றது. யாரும் அசையவில்லை. கண்ணாடிக்காரர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார், நீயாவது இல்லையென்று சொல்லேன் என்பதுபோல.

ரசீதம்மா இரண்டு அடி எடுத்து வைத்து, நாத்தனாரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல நிக்க வேண்டாங்க, குழந்தைக்கு ஆகாது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். எல்லாரும் ஏறுங்க."

"எல்லாரும்னா?" என்றார் கண்ணாடிக்காரர். இவ்வளவு வருஷத்தில் அவர் குரலில் அப்படி ஒரு இரும்பை அவள் கேட்டதில்லை.

"எல்லாரும்தான்" என்றாள் ரசீதம்மா. அவளே போய் டாக்ஸியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்காரர் ஏறவில்லை. அந்த மனிதரின் தோளிலிருந்து குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். தூக்கத்தில் பொடிசு டிரைவரின் சட்டைக் காலரை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.